பிள்ளைகளோடு ஒரு கப்பல் பயணம்

கப்பல் என்றதும் என்ன நினைவு வருகிறது என்று உங்கள் வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் நீச்சல் குளம், சறுக்கு மரம், ஐஸ்கிரீம் என்பார்கள். பெரியவர்கள் சொல்வது வேறு கப்பல். எங்கள் வீட்டில் இந்த இரண்டு கப்பல்களும் ஒரே சமயத்தில் வந்து முட்டிக்கொண்டன. அந்தக் கதையோடு, நீங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புவதானால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களையும் சொல்கிறேன்.

நாங்கள் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் கணவர் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் வெளியே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பெரியவனுக்கு அப்போது 11 வயது, சின்னவளுக்கு 7. பெரியவனின் வகுப்புத் தோழன் ஒருவன் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போய் வந்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கப்பல் பேச்சுதான். சாப்பிடும்போதும் கப்பல், தூங்கும்போதும் கப்பல்! கடைசியில் தோழியரோடு கூட்டுச் சீட்டு போட்டேன். என் முறை வந்த பணத்தோடு தீபாவளிக்கு எடுத்து வைத்ததையும் சேர்த்து, 2024 மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையில், மூன்று இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்தோம். கப்பலின் பெயரை எழுதவில்லை. நான் விளம்பரம் செய்ய வரவில்லை.

விளம்பரத்தில் ‘ஆளுக்கு இவ்வளவு வெள்ளி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், சகோதரிகளே. அது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு ஆகும் கட்டணம். அதற்கு மேல் துறைமுகக் கட்டணம் உண்டு. கப்பல் ஊழியர்களுக்கான இனாம், தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகச் சேரும். இண்டர்நெட்டுக்கு வேறு காசு. சாப்பாட்டில் சில கடைகள் இலவசம், சில காசுக்கு. எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். நான் முதலில் கேட்கத் தவறி, பிறகு கணக்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தவள்.

இன்னொரு கணக்கும் இடித்தது. எங்களுக்குக் கிடைத்த அறையில் நால்வர்தான் தங்கலாம். நாங்கள் மாமியாரோடு ஐந்து பேர். ஐந்தாவது ஆளுக்கென்று இன்னோர் அறை எடுத்தால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,500 வெள்ளி (2025 பிப்ரவரியில்தான் 1,700 ஆனது). என் கணவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, “எனக்கு லீவு கிடைக்காது. அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போ,” என்றார். லீவு கேட்டுப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார்.

“கப்பலா? நான் வரல தாயி. கப்பல்ல போனவங்க யாரும் எனக்குத் திரும்பி வரல.”

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அத்தை பிறந்தது கெடாவில், சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டத்தில், 1950-இல். 1968-இல் திருமணமாகி இந்தப் பக்கம் வந்தார். அடுத்த ஆண்டிலிருந்து தோட்டங்களில் பெரும் குழப்பம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிப் போயிருப்பார்கள். அத்தையின் அப்பாவும் அம்மாவும் இரண்டு தம்பிகளும் 1970-இல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். அத்தை கைக்குழந்தையோடு கிள்ளானிலிருந்து ரயிலேறி பட்டர்வொர்த் போய், படகில் பினாங்கு சேர்ந்து, துறைமுகத்தில் நின்று வழியனுப்பினார். இராசிபுரத்துப் பக்கம் போன அவர்களிடமிருந்து நீலக் காகிதத்தில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. தகப்பனார் இறந்த செய்தியும், பிறகு தாயார் இறந்த செய்தியும் அதே நீலக் காகிதத்தில்தான் வந்தன.

ரஜூலாவை அறியாத இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. (போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல்தான் கிள்ளான் துறைமுகம் ஆனது.) நம் பாட்டன் பாட்டிகள் பலர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள்.

நான் அத்தையை வற்புறுத்தவில்லை. கப்பல் எந்த ஊரில் நிற்கும் என்று மட்டும் ஒருநாள் கேட்டார். பினாங்கு, புக்கெட் என்றேன். இரண்டு நாள் கழித்து, பிஸ்கட் டின்னில் வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

கடப்பிதழ் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வேண்டும். பெரியவர்களுக்கு 200 வெள்ளி. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கும், 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 100 வெள்ளி. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அது முடிய ஆறு மாதமாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளையும், ஆறு மாதம் நெருங்கிய கர்ப்பிணிகளையும் இந்தக் கப்பல்களில் பொதுவாக ஏற்றுவதில்லை. பணம் கட்டும் முன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்ற பயமா? முதலில் சிறிய படகில் ஏற்றிப் பாருங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் துறைமுகத்திலிருந்து பூலாவ் கெத்தாமுக்குப் படகில் போய் வந்தோம். பேராக் பக்கத்தார் லூமுட்டிலிருந்து பங்கோருக்குப் போகலாம். அதில் வாந்தி எடுக்காத பிள்ளை பெரிய கப்பலிலும் பெரும்பாலும் எடுக்காது. மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் சூழ்ந்தது. அதனால் திறந்த கடலைப்போல் பேயாட்டம் ஆடாது. இருந்தாலும் இஞ்சி மிட்டாய் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல், கப்பலின் நடுப்பகுதியில் வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புறப்படும் நாளில் என் கணவர் எங்களைப் பூலாவ் இண்டாவிலுள்ள கப்பல் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். “நீ எங்கே நின்னு கையாட்டுவே?” என்று அத்தை மகனைக் கேட்டார். வழியனுப்புவோர் நிற்க அங்கே எங்களுக்கு இடம் தென்படவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனால் போனதுதான். கார் நிறுத்துமிடத்தில் நின்று கப்பலைப் பார்த்துக் கையாட்டினேன் என்று அவர் பிறகு சொன்னார். எங்களுக்குத் தெரியவில்லை.

ரஜூலா 8,000 டன்னுக்குச் சற்று மேல். இப்போது நம் பக்கம் வந்துபோகும் பெரிய உல்லாசக் கப்பல்கள் 150,000 டன்னுக்கும் மேல் இருக்கின்றன. மின்தூக்கிகள், நாடக அரங்கு, நீர்ச்சறுக்கு எல்லாம் உண்டு. பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள். ஆனால் ஏறியதும் முதலில் என்ன நடந்தது தெரியுமா? பெரட்டு! ஆமாம், நம் தோட்டத்துப் பெரட்டேதான். அவரவருக்குக் குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும், பேர் பார்ப்பார்கள். ஆபத்து என்றால் ஏழு குறுஞ்சங்கும் ஒரு நெடுஞ்சங்கும் ஊதும் என்று சொல்லி, மிதவைச் சட்டை அணியும் முறையைக் காட்டுவார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ரஜூலாவுக்குப் பின் நம் தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் நகரும் முன்போ நகர்ந்த உடனேயோ பயிற்சி முடிய வேண்டும் என்று விதி செய்தார்கள். அத்தைக்கு இதெல்லாம் சொல்லவே தேவைப்படவில்லை. பெரட்டு என்றதும் முதல் ஆளாக வரிசையில் நின்றுவிட்டார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ‘ஆயாக் கொட்டகை’யும் உண்டு. குளிர்சாதனம், பொம்மை, படம் என்று அமர்க்களமாக இருக்கும். சின்னவள் முதல் நாள் அங்கேயே கிடந்தாள். நீச்சல் குளத்துக்கு மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். காவலர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு நாம் வேறு எங்கோ போய்விடக் கூடாது. மாடம் வைத்த அறை எடுத்தால், கம்பியருகே நாற்காலியை இழுத்துப் போடாமல் பாருங்கள். சூதாட்டக் கூடம் ஒன்றும் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. ஆண்களுக்கும் அனுமதி இல்லாதிருந்தால் நன்றாக இருக்கும்!

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. நம் சைவச் சாப்பாடும் கிடைத்தது. சாம்பாரில்தான் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். முதல் இரவு சின்னவள் வாந்தி எடுத்தாள். கடல் காரணமில்லை, ஐந்து ஐஸ்கிரீம்! பசியாறும்போது அத்தைக்கு ஒரு ரொட்டியையும் விட மனம் வராது. கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். கப்பல் சாப்பாட்டைக் கரைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லிச் சொல்லி நான் அலுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஆறரை மணிக்குக் கண் விழித்தேன். அத்தையின் படுக்கை காலி. குளியலறையிலும் இல்லை. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தக் கப்பலில் நடைவழிகள் லயத்துக் கதவுகள் மாதிரி, எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எனக்கே இரண்டு தடவை வழி தவறியது. 74 வயது, ஆங்கிலம் தெரியாது, கைப்பேசியும் இல்லை. பெரியவனைத் தங்கைக்குக் காவல் வைத்துவிட்டு ஓடினேன். (அறை எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெரியவர்கள், சிறுவர்கள் பையில் போட்டுவிடுங்கள். நான் செய்யாமல் விட்டது இது.) கடைசியில் ஒரு பிலிப்பைன்ஸ் ஊழியர்தான் மேலே கைகாட்டினார். “பாட்டி, வெள்ளை முடி, மேலே,” என்றார் மலாயில்.

அத்தை மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. கப்பல் ஊர்ந்து ஊர்ந்து பினாங்குக் கரையை நெருங்கியது. திட்டலாம் என்று போன நான் பேசாமல் பக்கத்தில் நின்றேன்.

“அந்த மணிக்கூண்டு தெரியுதா? அதேதான். அதை வச்சுத்தான் கண்டுபுடிச்சேன்,” என்றார். துறைமுக வாசலருகே இருக்கிறதே, 60 அடி உயர விக்டோரியா மணிக்கூண்டு, அதுதான். மற்றதெல்லாம் மாறிவிட்டன.

“அன்னிக்கு நான் கீழ நின்னேன். மேல பாத்தா தலை தலையாத் தெரிஞ்சிச்சு. எங்கப்பா எது, அம்மா எதுன்னு தெரியல. எல்லாரும் கையாட்டுனாங்க. நானும் பொத்தாம் பொதுவா ஆட்டுனேன். அம்மா என்னைப் பாத்தாளா இல்லையான்னு இத்தனை வருசமா மனசுல ஒரு இது.”

கப்பல் கரையோடு அணைந்தது. கீழே ஆட்கள் தடித்த கயிறுகளை இழுத்துக் கட்டினார்கள். அத்தை அவர்களையே கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்த மஞ்சச் சட்டைப் பையன் சிரிக்கிறது தெரியுது பாரு,” என்றார். “இவ்வளவு ஒசரத்துல இருந்தே தெரியுது. அந்தக் கப்பல் இதுல பாதிகூட இல்ல. எங்கம்மாவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். புள்ளைய இடுப்புல வச்சிருந்தேன். சிவப்புச் சேலை.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் பிள்ளைகள் இருவரும், கதவைப் பூட்டாமலே, எங்களைத் தேடி மேலே வந்துவிட்டார்கள். நால்வருமாக அந்த மஞ்சள் சட்டைக்காரருக்குக் கையாட்டினோம். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, அவரும் ஆட்டினார்.

பினாங்கில் இறங்கி மணிக்கூண்டின் அடியில் நின்றோம். நடந்தே லிட்டில் இந்தியா போய் இட்டிலி சாப்பிட்டோம். புக்கெட்டைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. வெயில், கூட்டம், கடைத்தெரு. பிள்ளைகள் கப்பலுக்கே திரும்புவோம் என்றார்கள்.

வீடு திரும்பிய இரவு, சின்னவள் அப்பாவிடம் நீர்ச்சறுக்கைக் கை கால் ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். கடப்பிதழ்களை எடுத்து வைக்கப் போனேன். அத்தை தன்னுடையதை மட்டும் கேட்டு வாங்கினார்.

“நாகப்பட்டினத்துக்கு இப்பக் கப்பல் போவுதா?”

“இங்கேயிருந்து இல்லை அத்தை. சிதம்பரம் எரிஞ்சதோட அந்த ஓட்டம் நின்னுபோச்சு. இப்ப பிளேன்தான்.”

“இது எத்தன வருசத்துக்குச் செல்லும்?”

“அஞ்சு வருசம். 2029 வரைக்கும்.”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கடப்பிதழைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார். பிறகு மகனைப் பார்த்து, “இராசிபுரத்துல சின்னத் தம்பி மகன் போன் நம்பரு உங்கிட்ட இருக்கா?” என்று கேட்டார்.