ஓரெழுத்துத் திருத்தம்

ஏட்டுச்சுவடிகள் பலவற்றின் இறுதியில் ஆண்டும் திங்களும் நாளும் குறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். அது பெரும்பாலும் நூலாசிரியர் காலத்தைக் குறிப்பதன்று. படியெடுத்தவர் எழுதி முடித்த நாளையே குறிப்பது. சுவடிப் பதிப்பில் பழகியோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளார். கணிப்பொறி அவ்வாறு கொண்டதை 2011ஆம் ஆண்டில் நேரில் கண்டேன்.

எங்கள் துறையின் எம்.பில். மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டைக் கெடுவுக்கு இரு நாள் முன்னரே உரிய அலுவலகத்தில் அளித்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, கணிப்பொறிப் பட்டியலில் அவர் பெயரிலிருந்த ளகரம் ழகரமாகத் திருத்தப்பெற்றது. அவ்வளவே. அடுத்த திங்கள், ஆய்வேடு காலங்கடந்து வந்ததெனவும் தாமதக் கட்டணம் செலுத்துக எனவும் கடிதம் வந்தது. நேரில் சென்று வினவினோம். நாளைக் கணிப்பொறியே இட்டதாம். ஆதலின் பிழை இருக்க இயலாதாம்! எழுத்தர் ஒருவர் கையால் எழுதியிருப்பின் ஒருகால் ஐயுற்றிருப்பர்.

கணிப்பொறித் துறை நண்பர் உண்மையை விளக்கினார். அங்கிருந்தது மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம். அதன் அட்டவணையில் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை நிரலை வேறு குறிப்பின்றி அமைத்தால், அவ்வகையில் முதலாவதாக நிற்கும் நிரலுக்கு அக்காலத்து மென்பொருள் கேளாமலே இரு பணிகளைத் தந்துவிடும். பதிவு புதிதாக நுழைகையில் அந்நேரத்தை இடுதல் ஒன்று. பதிவின் வேறெப்பகுதி மாறினும் பழைய நேரத்தை அழித்துப் புதியதை இடுதல் மற்றொன்று. வந்த நாளைக் காப்பதற்கு முன்னது போதும். பின்னதற்குத் தனி நிரல் வேண்டும். ஆனால் தாமே நேரம் இட்டுக்கொள்ளும் இரு நிரல்களை ஓர் அட்டவணையில் வைக்க, 2012இல் வந்த 5.6.5ஆம் பதிப்புக்கு முன் வழியில்லை. கேளாமல் தரும் வழக்கமோ 2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த எட்டாம் பதிப்பின் இயல்பமைப்பில் இல்லை. இன்னொன்றும் சொன்னார்: இருந்த எழுத்தையே மீண்டும் இட்டிருந்தால் நாள் மாறியிராதாம். ழகரத்தைச் செம்மையாக எழுதியதற்கே தண்டம்!

மாணவரிடம் ஒப்புகைச் சீட்டு இருந்தது. அதன் ரப்பர் முத்திரையையும் எழுத்தரின் சுருக்கொப்பத்தையும் கண்டபின் கடிதத்தைத் திரும்பப் பெற்றனர். பெயர் திருத்தப்பெற்றோர் வேறு சிலரும் அப்பட்டியலில் இருந்தனர். சீட்டைத் தொலைத்துவிட்ட இருவர் கட்டணத்தைச் செலுத்தினர்.