எழுதக் கூடாத கணக்கு

ஒரு கதையை எழுதி முடித்தால் யாருக்காவது வாசித்துக் காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. வேறு ஆள் அகப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறாள் மனைவி. என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போய் அச்சானதற்காக மூன்று நாள் சாப்பாடு ருசிக்காமல் திரிந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, கிளிஃபோர்ட் காக்ஸ் என்ற ஆங்கிலேயரின் சமாசாரம் என் மனத்தை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, ஆக்ஸ்போர்டில் எண் கணித ஆராய்ச்சியைத் தொடங்கி, அதைப் பாதியில் விட்டுவிட்டு, 1973-ல் பிரிட்டிஷ் சர்க்காரின் செல்டன்ஹாம் ரகசிய இலாகாவில் உத்தியோகத்துக்குப் போனார். வயது 22. சங்கேதக் கடிதம் அனுப்புகிறவர், அதைத் திறக்கும் சாவியையும் எப்படியாவது பெறுகிறவரிடம் சேர்த்தாக வேண்டும். வழியில் சாவி பறிபோனால் எல்லாம் போச்சு. பூட்டை ஊரறியக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாதா? முடியும் என்று அந்த இலாகாவில் ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் முன்பே காட்டியிருந்தார். எந்தக் கணக்கைக் கொண்டு செய்வது என்பதுதான் அகப்படவில்லை. புதிதாக வந்த பையனிடம் மூத்தவர் ஒருவர் பேச்சுவாக்கில் இதைச் சொல்லி வைத்தார். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் பையன் விடை கண்டுவிட்டான்!

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்ததை மட்டும் கொடுத்து, அந்த இரண்டும் எவை என்று கேட்டால் யந்திரமும் திணறும். அதுதான் சூட்சுமம். ஆனால் ஆபீஸ் விஷயத்தை வீட்டில் காகிதத்தில் எழுதக் கூடாது என்பது விதி. கணக்கை மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்து, மறுநாள் காலையில் போய் எழுதினார். எழுதியதைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

1977-ல் அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதே வழியைத் தாமாகவே கண்டுபிடித்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துக்களே அந்த முறைக்குப் பெயராயின. அவர்கள்மேல் குற்றமில்லை. காக்ஸ் வாயைத் திறக்கவில்லை.

நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, எண் கணிதம் யுத்தத்துக்கு உதவாது என்று 1940-ல் பெருமையோடு எழுதியிருந்தார். சம்பளத்துக்குப் பேனாவை விற்பதை நான் அறிவேன், செய்தும் இருக்கிறேன். பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது என்னால் ஆகாத காரியம்.

1997 டிசம்பர் 18-ம் தேதி ரகசியத்தை வெளியிட்டார்கள். எல்லிஸ் நவம்பர் 25-ம் தேதி காலமாகியிருந்தார்.

இதை வாசித்துக் காட்டியபோது மனைவி விரல்விட்டு எண்ணினாள்.

"23 நாள்தானே! கொஞ்சம் முன்னாலே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.