வெற்றிக்காக ஜெபிக்கலாமா, ஐயகாரு?



சென்ற புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில், வழக்கம்போல் ஜெபக் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன். வியாதியஸ்தர் மூவர். வீட்டுக்கு அஸ்திபாரம் போட்டுவிட்டுப் பணத்துக்குத் தவிக்கும் ஒரு குடும்பம். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வருமோ என்று கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். கடைசியாக வந்த காகிதத்தில் தெலுங்கு எழுத்தில் தொடங்கித் தமிழில் முடிந்த இரண்டு வரிகள் இருந்தன. மகள் ஆடும் கல்லூரிக் கூடைப்பந்து அணி வருகிற போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்பதே விண்ணப்பம். பின்வரிசையில் வாலிபர் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சற்றே சிரித்தேன் என்பதை மறைக்கமாட்டேன். பிறகு, "சபையின் வாலிபப் பிள்ளைகளைப் பாதுகாத்தருளும்" என்ற பொதுவான விண்ணப்பத்துக்குள் அதையும் சேர்த்து ஜெபித்து முடித்தேன்.

வெளியே செருப்பு விடும் இடத்தில் அந்தத் தாய் காத்திருந்தார். விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றும் சகோதரி. நம்மில் பலருக்கு அறிமுகமானவர். "ஐயகாரு, பாதுகாப்பு கேட்டீங்க, சுகம் கேட்டீங்க. ஜெயிக்கணும்னு நீங்க கேக்கவே இல்லையே. வெற்றிக்காக ஜெபிக்கக் கூடாதா?" என்றார்.

அரசரடி இறையியல் கல்லூரியில் நான் மாணவனாயிருந்த நாளில் இக்கேள்விக்குச் சுடச்சுட விடை சொல்லியிருப்பேன். எதிரணியிலும் ஒரு தாய் முழங்காற்படியிட்டிருப்பாளே, தேவன் யாருடைய பக்கம் சாய்வார் என்று மடக்கியிருப்பேன். புதனன்று அந்த விடை நாவில் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

இந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, மாவட்ட அளவிலான ஆட்டங்களுக்காகத் திடப்படுத்தல் வகுப்புக்கு மூன்று வாரம் வரவில்லை. விதி விதிதான் என்று நான் அவளை அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதோடு நில்லாமல், "பெண் பிள்ளைக்கு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இந்த ஆட்டம் எதற்கு?" என்று அவளுடைய தாயின் முன்னிலையிலேயே கேட்டேன். அவளோடு படித்த பிள்ளைகள் வெள்ளாடை உடுத்தி முதன்முதலாகத் திருவிருந்து வாங்கிய ஞாயிறன்று அவள் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஆண்டு அவளும் திடப்படுத்தல் பெற்றாள். ஆனாலும் அந்தத் தூணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவளுடைய முகம் நினைவுக்கு வரும். இத்தனை ஆண்டுகளில் அதைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தை நான் பேசியதில்லை.

ஒரு போதகன் இந்த ஆட்டத்தை ஏளனமாகப் பேசியது எவ்வளவு அறியாமை என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். கூடைப்பந்தை உண்டாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் படித்தவர். மாண்ட்ரியலில் இருந்த பிரெஸ்பிட்டேரியன் கல்லூரியில் பயின்று, பிரசங்க மேடைக்குப் போகாமல் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடங்காதிருந்த 18 மாணவர்களுக்காகவே இதை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைக் கூடத்தின் மாடிக் கைப்பிடிச் சட்டத்தில் ஆணியடித்து மாட்டவைத்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, தோளால் இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்று விதி எழுதினார். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடைதான். நம் நாட்டிலும் இவ்விளையாட்டு ஒய்.எம்.சி.ஏ.வின் கைபிடித்தே வளர்ந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியை நந்தனம் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

நம் மகளுடைய அணியின் நிலையைச் சொல்கிறேன். அவள் சென்னையில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்; ஆகையால் அந்தக் கல்லூரி அணியில் அவளுக்கு இதுவே கடைசிப் பருவம். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் 'பாயிண்ட் கார்டு' அவள். பருவத் தொடக்கத்தில் ஆடிய நான்கு போட்டிகளில் மூன்றில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். அணியிலேயே உயரமான பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கு. அவளில்லாமல் கூடைக்கடியில் துள்ளிவரும் பந்தெல்லாம் எதிரணியின் கைக்கே போயிற்று. அவள் தேறித் திரும்பிய பிறகுதான் அணியின் போக்கு மாறியது. பந்தை வீணாய் இழப்பது குறைந்தது. ஒருத்தி ஏமாந்தால் பக்கத்தில் நிற்பவள் ஓடிவந்து தடுக்கும் பழக்கம் வந்தது. பருவக் கடைசியில் ஓர் அணி 'ஃபார்முக்கு வந்துவிட்டது' என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, அது பெரும்பாலும் இவ்வளவுதான்: காயப்பட்டவர்கள் திரும்புகிறார்கள், மற்றவர்கள் ஒருவர் மற்றவருடைய குறையை அறிந்து நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி வரப்போவது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதில் நன்றாக ஆடுகிறவர்களிலிருந்து பல்கலைக்கழக அணிக்குப் 12 பேரைத் தெரிந்தெடுப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்லும். அங்கே முதல் நான்கு இடம் பெறும் பல்கலைக்கழகங்கள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். அங்கு ஆடிய சான்றிதழ் கையிலிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க வழி திறக்கும். இந்திய மகளிர் அணியில் 18 ஆண்டுகள் ஆடி 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரைக்குத் தென்னக ரயில்வே வேலை கொடுத்ததைப் பலர் அறிவீர்கள். தார் சுற்றும் ஒரு தாய் அந்தக் காகிதத்தில் இரண்டு வரி எழுதியதன் பொருள் இதுதான். வாலிபர்கள் சிரித்தது கோப்பைக்காக என்று நினைத்து.

அன்றிரவு வீட்டுக்கு வந்து சிஸ்டர் ஜீனைப்பற்றி மறுபடியும் வாசித்தேன். பெயரைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சிகாகோவில் லயோலா பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. அதன் கூடைப்பந்து அணி 1963-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றது. அந்த ஆண்டு அவர்கள் மிசிசிப்பி மாநிலக் கல்லூரி அணியோடு ஆடிய ஆட்டம் பட்டத்தைவிடப் பெரிது என்பது என் எண்ணம். லயோலாவின் முதல் ஐவரில் நால்வர் கறுப்பர். கறுப்பரோடு ஆடலாகாது என்று தடுத்த தங்கள் மாநிலத்தின் கண்ணில் படாமல் மிசிசிப்பி அணி ரகசியமாகப் புறப்பட்டு வந்து, கைகுலுக்கி, ஆடித் தோற்றுப் போனது. இன்னாரோடு உட்காரலாகாது, இன்னார் தொட்டதை வாங்கலாகாது என்பதெல்லாம் நமக்குப் புதிய சங்கதியா? அதைப்பற்றி இன்னொரு வாரம் எழுதுவேன்.

பிற்பாடு அந்த அணி மங்கியது. 1985-க்குப் பிறகு 33 ஆண்டுகள் தேசியப் போட்டிக்குள் நுழையவே இல்லை. 2017-18 பருவத்திலும் நடுவில் முக்கியமான ஆட்டக்காரர்கள் காயம்பட்டு இடறினார்கள். ஆனால் 2018 பிப்ரவரி தொடங்கியது முதல் தோல்வியே இல்லை. அந்த வேகத்தோடு, 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்குத் தங்கள் பிரிவில் 11-ஆம் தரவரிசையில் வந்து சேர்ந்தார்கள். ஒரு தோல்வி கண்டால் வீட்டுக்குப் போக வேண்டிய போட்டி அது.

அணியின் ஆன்மீக ஆலோசகர் சிஸ்டர் ஜீன் டொலோரெஸ் ஷ்மிட். அப்போது அவருக்கு வயது 98. சில மாதங்களுக்கு முன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் சக்கர நாற்காலியில் வந்தார். 1994 முதல் அந்த அணியோடு இருந்தவர். ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளோடு ஜெபிப்பார். காயமின்றிக் காக்க வேண்டும், நடுவர்கள் நேர்மையாக நடக்க வேண்டும் என்று கேட்பார்; வெற்றியையும் வெட்கமின்றிக் கேட்பார். எதிரணியில் யாரைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லி வைப்பார். ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளருக்கும் பிள்ளைகளுக்கும் மின்னஞ்சல் எழுதுவார்.

நடந்ததைக் கேளுங்கள். முதல் ஆட்டத்தில் மயாமி அணியை 64-62 என்று வென்றார்கள். கடைசி நொடியில் தூரத்திலிருந்து எறிந்த பந்து விழுந்தது. இரண்டாவது, டென்னசி: 63-62. ஏறக்குறைய நான்கு நொடி மிச்சமிருக்கையில் கிளேட்டன் கஸ்டர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு, பலகையில் பட்டு, தயங்கி உள்ளே விழுந்தது. மூன்றாவது, நெவாடா: 69-68. மூன்று ஆட்டங்களுக்கும் சேர்த்து வித்தியாசம் நான்கு புள்ளி! ஒரு விரற்கடை விலகியிருந்தால் லயோலாவின் பெயரை நானும் நீங்களும் அறிந்திருக்கமாட்டோம். நான்காவதாகக் கான்சாஸ் ஸ்டேட் அணியை 78-62 என்று தெளிவாக வென்று கடைசி நால்வரில் ஒருவராயினர். அரையிறுதியில், இடைவேளையில் முன்னிலையில் இருந்தும், மிச்சிகனிடம் 57-69 என்று தோற்றார்கள்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அமெரிக்காவில் அந்தப் போட்டி தொடங்குமுன், எந்த அணி எதுவரை போகும் என்று மக்கள் அட்டவணை போடுவார்கள். சிஸ்டர் ஜீனும் போட்டார். தம் பிள்ளைகள் இரண்டு ஆட்டங்களை வென்று மூன்றாவதில் தோற்பார்கள் என்று எழுதினார்! தினந்தோறும் வெற்றிக்காக ஜெபித்த அதே அம்மையார்தான். இதை முதலில் வாசித்தபோது அவிசுவாசம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கேட்க வேண்டியதைப் பிதாவிடம் கேட்டார். பார்க்க வேண்டியதைக் கண்ணைத் திறந்து பார்த்தார். நாமோ, பார்த்ததைச் சொன்னால் ஜெபம் கெட்டுவிடும் என்று பயந்து, ஆசுபத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு வியாதியஸ்தரிடம்கூடப் பொய் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். சிஸ்டர் ஜீன் 2025 அக்டோபரில் தமது 106-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அதே 2018 போட்டியில், அந்தப் பருவம் முழுவதும் இரண்டே ஆட்டங்களில் தோற்றிருந்த வர்ஜீனியா, எல்லாருக்கும் மேலான தரவரிசையில் வந்து, கடைசித் தரவரிசை அணி ஒன்றிடம் 54-74 என்று முதல் ஆட்டத்திலேயே விழுந்தது. நல்ல 'ஃபார்ம்' எல்லாம் ஓர் இரவில் போயிற்று. மறு ஆண்டு அவர்களே பட்டம் வென்றார்கள். வேகமுள்ளவனுக்கே ஓட்டம் என்பதில்லை என்று பிரசங்கியின் புத்தகம் எழுதியவர் பந்தய மைதானங்களையும் பார்த்திருக்க வேண்டும்.

பவுல் அப்போஸ்தலர் பார்த்திருப்பார். கொரிந்துக்கு அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். வென்றவனுக்கு இலைக் கிரீடம் சூட்டுவார்கள். அந்த ஊர்ச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தில் அவர் ஓட்டக்காரனையும் குத்துச்சண்டைக்காரனையும் எடுத்துப் பேசுகிறார். வாடிப்போகும் கிரீடம் என்று சொல்கிறாரேயொழிய, அதற்காக ஓடுகிறவனை அவர் ஏளனம் செய்யவில்லை. திடப்படுத்தல் வகுப்பில் இந்தப் பகுதியை எத்தனை முறை நடத்தியிருப்பேன்!

வெள்ளிக்கிழமை இரவு அந்த மகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். பயிற்சி முடித்து விடுதிக்குத் திரும்பியிருந்தாள். "உங்கள் அணி எதுவரை போகும் என்று நினைக்கிறாய்? உள்ளதைச் சொல்" என்றேன்.

"அரையிறுதி வரைக்கும் போவோம் ஐயா. அதுக்கு மேல கஷ்டம். எதிர்ல வரப்போற டீம்ல மூணு பேர் எங்க எல்லாரையும்விட உயரம். ஃப்ரீ த்ரோவை நாங்க வீணாக்காம இருந்தா ஒரு வாய்ப்பு இருக்கு."

சிஸ்டர் ஜீனின் அட்டவணையை இவள் பார்த்ததில்லை.

பிறகு, எழுதி வைத்திருந்தும் வாசிக்க முடியாமல், தட்டுத் தடுமாறி, அந்த ஆண்டு திடப்படுத்தல் பட்டியலைப்பற்றிப் பேசினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. விடுதியில் யாரோ வாளியை இழுக்கும் ஓசை கேட்டது.

"அம்மா அன்னைக்கு ரொம்ப அழுதாங்க ஐயா" என்றாள். பிறகு, "நான் அந்த மூணு வாரமும் போய் ஆடி, கடைசியில தோத்துட்டு வந்தேன். அதுதான் எனக்கு அப்போ பெரிய துக்கம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தாயிடம் நான் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

வருகிற புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அந்தக் காகிதத்தை மறுபடி வாசிப்பேன். இம்முறை எழுதியிருக்கிறபடியே கேட்போம்: இந்த அணி ஜெயிக்க வேண்டும், அந்த 12 பேரில் நம் மகளும் ஒருத்தியாய் இருக்க வேண்டும். எதிரணியின் உயரமான பிள்ளைகள் மூவரும் காயமின்றி ஆட வேண்டும் என்றும் கேட்போம்.

ஆட்டம் வியாழன் காலை பத்து மணிக்குச் சென்னையில். திருத்தணிக்கு முதல் பேருந்தில் போய் அங்கிருந்து மின்சார ரயிலைப் பிடித்தால் நேரத்துக்குச் சேரலாம். தறிக்கூடத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அந்தச் சகோதரியும் வருகிறார். மகள் ஆடுவதை அவர் இதுவரை நேரில் பார்த்ததில்லை. வர விரும்புகிறவர்கள் புதனன்று சபைப் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். பின்வரிசையில் சிரித்த தம்பிகள் இருவர் பெயரையும் நானே எழுதிவிட்டேன்.