ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம்

மார்ச் 9, 2025, ஞாயிறு

அடுப்பு மேடைக்குக் கீழே இன்று இரண்டு வாளி வைத்தாயிற்று. மூடி போட்டது ஈரக்குப்பைக்கு, மூடியில்லாதது காய்ந்த குப்பைக்கு. பழைய பேட்டரி, காலாவதியான மாத்திரை, பல்பு வகையறாவுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு டப்பா. இது என் யோசனை அல்ல. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை இப்படி மூன்றாகப் பிரிக்கத்தான் சொல்லியிருந்தன.

சிங்காநல்லூரில் குடியிருக்கிறவர்களுக்குக் குப்பையின் அருமை பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே வெள்ளலூர். கோயம்புத்தூரின் குப்பை பல வருடங்களாக அங்கேதான் போய்ச் சேர்கிறது. 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. சன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள்: “ஏம்மா, நம்ம வாழைப்பழத் தோலும் அங்கதான் எரியுதா?” ஈரத் தோல் எளிதில் எரியாது. ஆனால் குப்பை மேட்டுக்கு அடியில் காற்றில்லாமல் அது அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. மீத்தேன் எரியும். எரியாமல் மேலே போனாலும் கேடுதான். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்காவது கூடுதலாகப் பூமியைச் சூடாக்கும். அவளுக்கு அன்றைக்கு இதைச் சொல்லி முடித்ததிலிருந்தே மனதில் கிடந்த வேலை இது.

மார்ச் 12

மொட்டை மாடியில் உரத்தொட்டி தயார். பெயிண்ட் வந்த 20 லிட்டர் வாளிகள். வீட்டுக்காரர் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடியிலும் பக்கவாட்டிலும் துளை போட்டுக் கொடுத்தார். காற்று உள்ளே போய்வர வேண்டும். காற்று கிடைத்தால் ஒரு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்து மண் வாசம் வரும். கிடைக்காவிட்டால் வேறொரு வகை வந்து உட்காரும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடியில் நாலு விரற்கடை தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளில் வேண்டிய மட்டும் கிடைக்கும். அதன்மேல் இன்றைய கழிவு: கத்திரிக்காய்க் காம்பு, வெங்காயத் தோல், டீத்தூள் சக்கை, முருங்கைக்கீரைக் காம்பு. அதை மூடுகிற அளவுக்குச் சருகு. தெருவில் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கிற காலம். யாரோ கொளுத்துவதற்காகக் கூட்டிக் குவித்திருந்ததை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்து மூடினேன்.

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து பார்த்தார்கள். அவர்களுக்குக் காங்கேயத்துப் பக்கம். “இதிலென்ன கண்ணு அதிசயம்? எங்கூர்ல குப்பைக்குழி இல்லாத ஊடு ஏது? சாணி, சாம்பல், மாடு தின்னு கழிச்ச சோளத்தட்டு, அல்லாம் அதுக்குள்ளதான். ஆடிப்பட்டத்துக்கு முந்தி வண்டி கட்டி அள்ளிக் காட்டுக்குக் கொண்டு போவாங்க” என்றார்கள். சருகை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னதும் அவர்கள்தான்.

மார்ச் 30, ஞாயிறு

காய்ந்த குப்பையை வாசல் திண்ணையில் கொட்டித் தரம் பிரித்தோம். தாள், அட்டை, பால் கவர் ஒரு பக்கம். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். மற்றதெல்லாம் பொட்டலம்: சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ், ஊறுகாய். உள்பக்கம் வெள்ளியாய் மின்னுகிற உறைகள். பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் ஒட்டிச் செய்தவை. பிரித்தெடுப்பது கடினம் என்பதால் எடைக்கு வாங்க ஆளில்லை. நேராக வெள்ளலூர்தான்.

அந்தக் குவியலைப் பார்த்துக் கவலைப்பட்டது குப்பைக்காக மட்டுமல்ல. அத்தைக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த அளவில் ஊறுகாய், அப்பளம், மிக்சர், பாக்கெட்டில் வரும் எல்லாமே சேர்த்தி. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டுச் சாயங்காலம் மிக்சரைக் கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்தால் என்ன பயன்?

இன்னொன்றும் தெரிந்தது. ஈர வாளி சீக்கிரம் நிறைகிற வாரத்தில் வீட்டில் காய், கீரை, பழம் நிறையச் சாப்பிட்டிருக்கிறோம். காய்ந்த வாளி நிறைகிற வாரத்தில் பொட்டலம் தின்றிருக்கிறோம். தட்டில் என்ன இருந்தது என்பதை வாளி சொல்லிவிடுகிறது. பிரிக்காமல் ஒரே பையில் கட்டிப் போட்டிருந்தால் இது ஒருநாளும் கண்ணில் பட்டிருக்காது.

ஏப்ரல் 6, ஞாயிறு

விடியற்காலையில் உழவர் சந்தை. துணிப்பை நாலு, கறிக்கடைக்குத் தூக்குப்போசி. ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆனாலும் கறிக்கடையில் கறுப்புக் கவர் தொங்கத்தான் செய்கிறது. நாம் பாத்திரத்தை நீட்டினால் கடைக்காரருக்குச் சந்தோசம்தான். கவர்க் காசு மிச்சம்.

காயோடு முள்ளங்கியின் தழையையும் கேட்டு வாங்கினேன். நிறையப் பேர் அங்கேயே கிள்ளிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கினால் நல்ல பொரியல். பீர்க்கங்காய்த் தோலை வீசவே கூடாது. எண்ணெயில் வதக்கி, உளுந்து, மிளகாய், துளி புளி வைத்து அரைத்தால் இரண்டு வட்டல் சோறு இறங்கும். சாயங்காலத்துக்குக் கொள்ளுச் சுண்டல். மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள். அத்தை பச்சை மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளறியதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 17

குப்பை வாங்க வருகிற அக்காவின் கையில் கட்டு. யார் வீட்டுப் பையிலோ உடைந்த கண்ணாடி டம்ளர். “சோத்துக்குள்ள கெடந்துச்சுங்க அம்மிணி. கைய விட்டாத்தானுங்க தெரியும்” என்றார். கையுறை போட்டிருந்தார், கண்ணாடி கையுறையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்றைக்கும் வேலைக்கு வந்திருக்கிறார்.

நம் வீட்டு எச்சில் சோற்றுக்குள் இன்னொரு பெண் கையை விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது என்பதை நினைக்கும்போது, பசுமை, சுற்றுச்சூழல் என்று பேசுகிற மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. “நாம பிரிச்சுக் குடுத்தா மட்டும் என்ன, போற எடத்துல ஒண்ணாத்தான கொட்டறாங்க” என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எங்கே போய்க் கலந்தாலும், எங்கள் தெருவில் பையை வாங்குகிறவரின் கைக்குக் காய்ந்தது காய்ந்ததாக வந்தால் அவருக்கு ஆபத்து குறைவு. ஈரம் வீட்டைவிட்டு வெளியே போகாவிட்டால் கலப்பதற்கும் ஒன்றுமில்லை. இதைச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்கள்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி எதுவானாலும் அட்டையில் சுற்றி, மேலே பெரிதாக எழுதிக் கையில் கொடுப்பது என்று வீட்டில் முடிவாயிற்று. நாப்கினைப் பொதிந்து தரவேண்டும் என்பதும் 2016 விதிகளிலேயே இருந்தது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். கூடத்து ஃபேனை மாற்றினோம். பழையது 75 வாட், புதிய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சொச்சம். கோடையில் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். காசைக் கொடுத்தால் ஒரே மத்தியானத்தில் முடிகிற மாற்றம் இது. குப்பை அப்படியல்ல, நாள் தவறாமல் கை வைக்க வேண்டும். அந்தக் கை எப்போதும் என் கையாகவே இருந்தால் இது நிலைக்காது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பொழுதோட வாளியை மாடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிச் சருகு போடுவது இனி அவர் பொறுப்பு. கிளறிவிடுவது மகள்.

மே 15

தொட்டிக்குள் புழு. சாம்பல் நிறத்தில் தட்டையாக, மூடியைத் திறந்ததும் நெளிந்து உள்ளே போயின. மகள் அலறிவிட்டாள். பார்த்தால் கருப்பு சிப்பாய் ஈயின் புழுக்கள். இந்த ஈ கடிக்காது. வீட்டு ஈயைப் போலச் சோற்றில் வந்து மொய்ப்பதுமில்லை. புழு கழிவை வேகமாகத் தின்று கரைத்துவிடும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஈரம் தூக்கலாக இருப்பதற்கு அது அடையாளம் என்பதால் நார்த்தூள் மட்டும் கூடப் போட்டோம்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு போட வேண்டும், உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

மே 26, திங்கள்

கேரளத்தில் பருவமழை 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு முன்கூட்டி வந்ததில்லை. கோவைக்கும் நீலகிரிக்கும் சிவப்பு எச்சரிக்கை. சாரல் மாடி முழுக்க அடித்து, பக்கத் துளைகள் வழியாகத் தொட்டிக்குள்ளும் இறங்கிவிட்டது. கிட்டே போனால் வாடை. முழுவதையும் சாக்கில் கொட்டிப் பரப்பி, நார்த்தூளும் கிழித்த அட்டையும் கலந்து திரும்ப நிரப்பினோம். தொட்டிகள் இப்போது தண்ணீர்த் தொட்டியின் அடியில், செங்கல்மேல். இரண்டு நாளில் வாடை போய்விட வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

முதல் தொட்டி நிறைந்ததும் சில வாரம் எதுவும் போடாமல் ஆறவிட்டிருந்தோம். அரைகுறையாக மக்கியதைப் போட்டால் வேர் வெந்துவிடும். இன்று மணல் சல்லடையில் சலித்தோம். விளிம்புவரை கழிவு போட்டுக்கொண்டே வந்த வாளியில் கால்வாசிதான் தேறியது. கறுப்பாக, பொலபொலவென்று. கையில் எடுத்து முகர்ந்தால் முதல் மழைக்கு மண்ணிலிருந்து வருகிற அதே வாசம். இரண்டும் ஒரே வகை நுண்ணுயிர்களின் வேலை. தேங்காய்த் தொட்டியும் மாங்கொட்டையும் அப்படியே கிடந்தன. அவற்றை எடுத்து அடுத்த தொட்டியில் போட்டோம். சின்னத் தொட்டியில் விதை சாகிற அளவுக்குச் சூடு ஏறாது என்பதால் தக்காளி தானாகவே முளைத்திருந்தது.

ஒரு பங்கு உரத்துக்கு இரண்டு பங்கு செம்மண். அத்தை அவரைக்கொட்டையும் புடலை விதையும் ஊன்றினார்கள். அக்காவிடம் இப்போது நாங்கள் கொடுக்கிற பை இலேசாக இருக்கிறது, நாறுவதில்லை, நாளும் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்து வீட்டிலும் ஒரு பெயிண்ட் வாளிக்குத் துளை போட்டுக் கொடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர்.

மாடியில்லை, இடமில்லை, நேரமில்லை என்பவர்கள் உரம் போடாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக் காலையிலிருந்து ஈரத்தை ஒரு மூடி வாளியில் தனியாகப் போட்டுத் தனியாகக் கொடுங்கள். கண்ணாடி உடைந்தால் அட்டையில் சுற்றி எழுதிக் கொடுங்கள். உங்கள் தெருவில் குப்பை வாங்குகிறவர் அதைக் கையால்தான் பிரிக்கிறார்.