தன் பலவீனம் தெரிந்த தலைவர்

ஆவடி என்றதும் பலருக்கு டாங்கித் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் நடந்தது, சோஷலிச பாணிச் சமுதாயம் பற்றிய தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது என்று சொன்னால் என் வகுப்பு நண்பர்களே நம்புவதில்லை! அப்போது நம் மாநிலத்தின் முதல்வர் காமராஜர்.

பி.காம். பாடத்தில் தலைமைப் பண்பு பற்றி எத்தனையோ கோட்பாடுகள் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். எனக்கு மறக்காமல் நிற்பவை காமராஜரின் மூன்று முடிவுகள்.

முதலாவது, 1954. சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி.சுப்பிரமணியம். ஜெயித்த காமராஜர் அவரையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு நிதியையும் கல்வியையும் கொடுத்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் காமராஜர். தன்னிடம் இல்லாத திறமை எதிரணியில் இருந்தாலும் தேடி எடுத்துக்கொள்ள அவர் தயங்கவில்லை.

இரண்டாவது, 1963. சீனப் போர் முடிந்து, காங்கிரஸ் செல்வாக்கு சரிந்துகொண்டிருந்த நேரம். மூத்தவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்று யோசனை சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, ஒன்பது ஆண்டு முதல்வர் பதவியைத் தானே விட்டார்.

மூன்றாவது, 1966. நேரு மறைந்து இருபது மாதத்துக்குள் சாஸ்திரியும் மறைந்தார். காமராஜரே பிரதமராக வேண்டும் என்று கட்சியில் சிலர் விரும்பினார்கள். அவர் மறுத்தார். இந்தியோ ஆங்கிலமோ தனக்குச் சரளமாக வராது என்று நினைத்ததும் ஒரு காரணம் என்பார்கள்.

சரி, தன்னை அறிந்தவருக்கு எப்போதும் வெற்றிதானா? இல்லை. அவர் விலகிப் போன பிறகு 1965-ல் மாநிலத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. 1967-ல் கட்சி ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார், அதுவும் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம்! நல்ல நோக்கத்தோடு பதவியை விட்டாலும் அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அவர் மூலையில் உட்காரவில்லை. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவிலில் நின்று மக்களவைக்குப் போனார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆர்டர் குறைந்தால் எங்கள் தெருவில் பல வீடுகளில் ஓவர்டைம் சம்பளம் நின்றுவிடும். அந்த மாதிரி நேரத்தில் தொழிலாளர்கள் எதிர்பார்ப்பது மேடைப்பேச்சை அல்ல. "நிலைமை இதுதான், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மீதிக்கு உங்கள் யோசனை வேண்டும்" என்று சொல்லும் ஒரு சூப்பர்வைசரைத்தான். அடுத்த வருடம் நம்மில் சிலர் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம் நண்பர்களே. எல்லாம் தெரிந்த மாதிரி நடிப்பது சுலபம். தெரியாததை ஒப்புக்கொள்ளத்தான் தைரியம் வேண்டும்.

உங்களை எதிர்த்துப் போட்டியிட்டவரை உங்கள் டீமில் சேர்த்துக்கொள்வீர்களா? யோசித்துச் சொல்லுங்கள்.