ஒன்றும் கேட்காத ஒரு நாள்

எங்கள் வேலையில் படிவங்கள் அதிகம். பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை பேர், கணவர் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, காணாமற்போனாரா, எப்போது, எங்கே என்று கேட்டுக்கொண்டே போவோம். போரினால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் தன் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கிராம உத்தியோகத்தருக்கு ஒரு தடவை, நிவாரணம் கொடுக்க வந்தவர்களுக்கு ஒரு தடவை, ஆணைக்குழுவுக்கு ஒரு தடவை, எங்களைப் போன்றவர்களுக்குப் பல தடவை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எப்படிக் கேட்பது என்று நிறையவே சொல்லித் தந்தார்கள். கேளாமல் இருப்பதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மகியங்கனையில் கற்றுக்கொண்டேன்.

2024 ஜூலையில் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பெண்கள் பதினான்கு பேர் சுயதொழில் பயிற்சி ஒன்றுக்காகக் கண்டிக்கு வந்திருந்தார்கள். பெரும்பாலும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள். 2006இல் ஊரைவிட்டு வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடியவர்கள். பயிற்சி முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. எங்கே போகலாம் என்று கேட்டபோது ஒரு அக்கா சொன்னார்:

“தங்கச்சி, எங்கட வெருகல் ஆறும் மகாவலிதானே. அது எங்கால வருகுதெண்டு ஒருக்காக் காட்டுங்க.”

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமானது. இலங்கையின் மிக நீளமான ஆறு அதுதான். மலைநாட்டில் பிறந்து, கண்டியைச் சுற்றி வளைந்து, மகியங்கனையில் சமவெளியைத் தொட்டு, பிறகு வடக்கே திரும்பிக் கடலுக்குப் போகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயிலடியில் ஓடும் ஆறு. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர். வழியில்தான் என் ஊர் ஹுன்னஸ்கிரிய. ஆகவே அங்கேயே போவதென்று முடிவாகியது. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு வான் பிடித்தோம். விடியப்புறம் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

தெல்தெனியவைத் தாண்டும்போது விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிந்தது. 1985இல் திறக்கப்பட்ட இந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும் என்று சொன்னேன். “அப்ப இவங்களும் இடம்பெயர்ந்த சனந்தான்” என்றார் ஒருவர். அந்தச் சொல் வானுக்குள் சிறிது நேரம் நின்றது. சிங்களக் கிராமத்து மக்களை அவர்கள் அப்படி நினைத்துப் பார்த்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

அடுத்தது மெதமகநுவர. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது இந்தப் பகுதியில்தான். கண்ணுசாமி என்பது அவன் இயற்பெயர். மனைவியரோடு மறைந்திருந்தவனை அவனுக்கு எதிரான ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். ராணிமாரின் நகைகளையும் பறித்தார்கள். காது கிழிந்து இரத்தம் வழிந்ததாகச் சொல்லப்படுகிறது. பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்ட அரசன் 1832இல் அங்கேயே இறந்தான். இதைச் சொன்னபோது எங்கள் பெண்கள் அரசனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பொம்பிளயளுக்குப் பிறகு என்ன நடந்த?” என்றுதான் கேட்டார்கள். அவர்களும் கூடவே நாடுகடத்தப்பட்டார்கள் என்றேன். நான் படித்த பாடப்புத்தகத்தில் அரசனின் கதைதான் இருந்தது.

ஹுன்னஸ்கிரியவில் குளிர் காற்று முகத்தில் அடித்தது. தேநீர் குடித்துவிட்டு, உடதும்பறை தாண்டி, பெயர்பெற்ற 18 வளைவுகளில் இறங்கினோம். கீழே சமவெளி விரிந்து தெரிந்தது. வெயிலும் காய்ந்த புல்லும் கண்டதும், “எங்கட ஊர் மணம் வருகுது” என்று ஒரு பிள்ளை சிரித்தாள். அதுவரை சத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மகியங்கனை பௌத்த மக்களுக்கு மிகப் பழைய புனிதத் தலம். புத்தர் இலங்கைக்கு முதன்முதலாக வந்த இடம் இதுவென்றும், சமன் தெய்வத்துக்கு அவர் கொடுத்த தலைமயிரை வைத்துத் தாதுகோபம் கட்டப்பட்டதென்றும் மகாவம்சம் சொல்கிறது. சிறிதாகத் தொடங்கிய தாதுகோபத்தைப் பின்வந்த மன்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருப்பித்தார்கள். ஆதிவாசிகள் வாழும் தம்பானையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

வாசலில் எங்கள் பெண்கள் தயங்கி நின்றார்கள். நெற்றியில் திருநீறு. பேசுவது தமிழ். “நாங்க உள்ளுக்குப் போகலாமா? ஏதும் சொல்லுவாங்களா?” அந்தப் பயத்தைப் பிழையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் தந்த பயம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு நான் முன்னே போனேன்.

வெருகல் ஆற்றைப் பற்றிக் கேட்ட அக்காவின் கணவர் 2006இல் காணாமற்போனவர். எங்கள் படிவத்தில் ‘விதவை’ என்றும் ‘திருமணமானவர்’ என்றும் கட்டங்கள் உண்டு. அவர் இரண்டையும் வெறுமையாகவே விட்டுத் தருவார். பொட்டு வைத்தால் ஊர் ஒன்று பேசும். வைக்காவிட்டால் கணவரைத் தானே சாகடித்ததாக அவருக்குத் தோன்றும். கோயிலில் பூத் தட்டோடு யாரும் வந்தால் ஒதுங்கிக்கொள்வார்.

தாதுகோபத்தடியில் வெள்ளை உடுத்த ஒரு சிங்கள மூதாட்டி பூ வைத்துக்கொண்டிருந்தார். அக்கா சும்மா நிற்பதைக் கண்டு, தன் தட்டிலிருந்து இரண்டு தாமரை மொட்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தார். “வைங்க மகள்” என்பதுபோல் சைகை காட்டினார். அவருக்கு அக்கா யாரென்று தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டிய எதுவும் இருக்கவில்லை. மெதுவாகப் போய் மொட்டுகளை வைத்துவிட்டு வந்தார்.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம். மேலே அணைகள் இருப்பதால் நீர் திடீரென ஏறலாம் என்று ஊரவர்கள் எச்சரித்தார்கள். ஆகவே ஆழத்துக்குப் போகாமல் கரையோரம் கால் நனைத்தோம். சிலர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிறு பிள்ளைகள்போல் நீர் தெளித்தார்கள். ஒருவர், வெருகலில் பாலம் இல்லாத காலத்தில் பாதையில் ஏறி அக்கரை போனதையும், தீர்த்தத் திருவிழாவில் கூட்டத்தோடு முழுகியதையும் சொன்னார். போருக்கு முந்திய கதைகள். அவர்களுக்கு அப்படியும் கதைகள் உண்டு என்று நான் அதுவரை கேட்டறிந்ததில்லை. என் படிவத்தில் அதற்கு இடமில்லை.

அக்கா கொஞ்சம் தள்ளித் தனியே இருந்தார். நான் எழுந்து பக்கத்தில் போய், “என்ன அக்கா யோசனை?” என்று கேட்க வாயெடுத்தேன். எங்கள் தொழிற்பழக்கம் அது. எப்படியோ அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். நீண்ட நேரத்தின் பின் அவரே சொன்னார்:

“இந்தத் தண்ணி எங்கட ஊருக்குப் போய்ச் சேர எத்தின நாளாகும் தங்கச்சி?”

“எனக்குத் தெரியாது அக்கா.”

“சரி, போகட்டும். நாம வீட்ட போகக்குள்ள அதுவும் வந்திரும்.”

முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு எழும்பினார். பசிக்கிறது என்றார். பயிற்சி நடந்த மூன்று நாளும் ஒழுங்காகச் சாப்பிடாதவர், அன்று சொரபொர குளக்கரையில் சோற்றுப் பார்சலை முழுதாகச் சாப்பிட்டார். பின்னேரம் பிள்ளைகளுக்கென்று எல்லோரும் தயிர்ச்சட்டி வாங்கினார்கள். வான் திரும்ப மலை ஏறும்போது பாதிப்பேர் நித்திரை. மீதிப்பேர் பாட்டு.

ஒரு நாள் பயணத்தால் அந்த அக்காவின் துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அவருடைய கணவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் கேள்வியைச் சுமப்பவருக்கும் இளைப்பாற ஒரு நாள் வேண்டும்.

சகோதரிகளே, ‘எங்களுக்கெல்லாம் எதற்குப் பயணம்’ என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் சிறுசேமிப்புக் குழுவில் கிழமைக்கு ஒரு சிறு தொகையை இதற்கென்று தனியே வையுங்கள். பக்கத்து ஊர்க் கோயிலோ, குளமோ, கடற்கரையோ போதும். அன்றைக்கு ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் சொல்லட்டும். என்னைப் போன்ற பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நாளில் படிவத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.