256 கட்டங்கள்

பதினாறுக்குப் பதினாறு, மொத்தம் 256 கட்டங்கள். இந்தச் சிறு பாத்திக்குள் ஒரு முகம் முளைக்குமா என்று விடுதி நண்பர்கள் நகைக்கின்றனர். ஆறு திங்களாக நான் கணினியில் பயின்று வரும் 'பிக்சல்' ஓவியம் இதுதான்.

தொடக்கத்தில் நிறங்களை வாரி இறைக்கத் தோன்றும். நான்கே நிறம் என்று வரம்பு கட்டிக்கொண்டேன். 1989இல் வெளிவந்த கேம்பாய் கருவிக்கும் நான்கு சாயல்கள்தாமே! வரம்பு வந்ததும் கண் கூர்மை பெற்றது. வளைவில் கட்டங்கள் மூன்று, இரண்டு, ஒன்று எனக் குறைந்தால் கோடு வழுக்கிச் செல்லும். மூன்று, ஒன்று, இரண்டு என்றால் பல்லிளிக்கும்.

1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்கு மாரியோவை வரைந்த மியாமோட்டோ, வாய் எடுபடாதென்று மீசை வைத்தார். தலைமயிருக்குப் பதில் தொப்பி. கெட்டிக்காரர்!

புகைப்படமே எடுத்துக்கொள்ளாத என் அப்பத்தாவை இப்பொழுது வரைகிறேன். தண்டட்டிக்குக் காதுக்கு இரண்டு கட்டம். நெற்றி நீற்றுக்கு மூன்று. கண்ணுக்கு ஒவ்வொன்றுதான் மிஞ்சியது. நடுவில் வைத்தால் யாரோ ஒருத்தி. ஒரு கட்டம் கீழே இறக்கினால், முறத்தில் கல் பொறுக்கும் அப்பத்தா!

அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு, "மூக்குத்தி எங்கேடா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கொரு கட்டம் தேடிக்கொண்டிருக்கிறேன்.